207க்கு ஓர் அளவு ஜாக்கெட்

எங்கள் வீட்டில் உறை போடாத பொருளைக் கண்டுபிடிப்பது சிரமம். டி.வி. ரிமோட் பாலிதீன் கவருக்குள் இருக்கிறது. கவர் கழன்றுவிடாமல் இருக்க ரப்பர் பேண்டு. வாஷிங் மெஷினுக்கு ஜிப் வைத்த அங்கி. ஃபிரிட்ஜ் கைப்பிடிக்குக் குரோஷா ஊசியில் பின்னிய கையுறை. சோபாவுக்கு உறை, உறை அழுக்காகாமல் இருக்க விரிப்பு, விரிப்பு நலுங்காமல் இருக்க ஒரு துண்டு. அந்தச் சோபாவை எந்த நிறத்தில் வாங்கினோம் என்பதில் எனக்கும் என் மனைவிக்கும் கருத்து வேறுபாடு உண்டு. திறந்து பார்த்துத் தீர்த்துக்கொள்ள இருவருக்குமே மனம் வரவில்லை.

இப்படிப்பட்ட குடும்பத்தின் வாசலில்தான், பஞ்சு வெளியே தள்ளிய சீட்டுடன் ஒரு டாடா 207 நின்றுகொண்டிருந்தது.

2001 மாடல். டெல்கோ என்ற கம்பெனி டாடா மோட்டார்ஸ் என்று பெயர் மாற்றிக்கொண்டது 2003இல். எங்கள் வண்டி அதற்கும் மூத்தது. ஒட்டன்சத்திரத்தில் ஒரு தக்காளி வியாபாரியிடம் வாங்கினேன். சிறுமலையில் எங்களுக்குக் கொஞ்சம் தோட்டம் இருக்கிறது. வாழைத்தார் இறக்கி திண்டுக்கல் கொண்டுவர வண்டி வேண்டும் என்பது வீட்டில் சொன்ன காரணம். சொல்லாத காரணம், பிக்கப் ஓட்டுகிறவனுக்கு ஒரு தோரணை வந்துவிடும் என்று நான் நெடுநாளாக நம்பிவந்தது. என் உயரம் ஐந்தடி மூன்று அங்குலம். எதிரே வருகிறவர்களுக்கு வண்டி ஆளில்லாமல் வருவதாகத்தான் தெரிகிறது என்று பக்கத்துத் தோட்டக்காரர் சொன்னார்.

சீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். டிரைவர் சீட்டில் நடுவே ஒரு பள்ளம். எனக்கு முன்னால் ஓட்டியவர்கள் அத்தனை பேருடைய எடையும் அதில் பதிவாகியிருந்தது. பக்கத்தில் இரண்டு பேர் உட்காரும் நீள சீட்டு. அதில் மூன்று ஸ்பிரிங்குகள் வெளியே வந்திருந்தன. ஒன்று ஏறும்போதே குத்தும். ஒன்று வேகத்தடையில் மட்டும் எழுந்து குத்திவிட்டு அடங்கிவிடும். மூன்றாவது பொறுமைசாலி, இறங்கும்போதுதான் வேட்டியைப் பிடிக்கும். என் மாமனார் ஒரு கல்யாண மண்டபத்து வாசலில், வரவேற்கக் கைகூப்பி நின்ற சம்பந்திகளுக்கு எதிரே, மூன்றாவதிடம் சிக்கினார். அதன்பிறகு அவர் பேருந்தில்தான் வருகிறார்.

சீட்டின் மேல் இரண்டு யூரியாச் சாக்கு மடித்துப் போட்டு, பிரச்சினை தீர்ந்தது என்று அறிவித்திருந்தேன். சாக்கையும் துளைத்துக்கொண்டு வந்து என் மனைவியின் சின்னாளப்பட்டிச் சுங்குடியை ஒரு முழம் கிழித்தது இரண்டாவது ஸ்பிரிங். அவள் சத்தம் போடவில்லை. கிழிசலை விரித்துப் பார்த்தாள், மடித்தாள். "இனிமே அந்த வண்டியில வாழைத்தார் மட்டும் போகட்டும்" என்றாள்.

சீட் கவர்தானே, கடைக்குப் போனால் ஆயிற்று என்று கிளம்பினேன்.

கார் அலங்காரக் கடைகளில் கவர் வாங்கப் போகிறவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பார்கள். போன மாதம் சந்தைக்கு வந்த காருக்கு எட்டு டிசைனில் கவர் இருக்கும். வைர வடிவத் தையல், சிவப்பு நூல், கழுத்துக்குத் தனித் தலையணை. புதுக் கார்க்காரன் காருக்குச் செலவு செய்ய ஆசையோடு வருகிறான். பிக்கப் வாங்குகிறவன் டயரையும் டீசலையும் பார்ப்பான். பழைய பிக்கப் வைத்திருப்பவன் டயரைக்கூடப் பார்க்க மாட்டான். அவனை நம்பி எவன் கவர் தைத்து அடுக்கி வைப்பான்? கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். 

"207க்கு இல்லண்ணே. சுமோவுக்கு இருக்கு. ரெண்டும் ஒரே குடும்பம்தான்."

சொன்னது பொய்யில்லை. 1988இல் வந்த டாடா மொபைல் பிக்கப்பின் அடித்தளத்தின் மேல்தான் 1991இல் சியராவும், பிறகு எஸ்டேட்டும், 1994இல் சுமோவும் பிறந்தன. 207 அந்த மொபைலின் வாரிசு. இந்த வம்சாவளியை நான் கடையில் நின்று கேட்டு மெய்சிலிர்த்தேன். சியரா வைத்திருந்தவர்களை ஒரு காலத்தில் அண்ணாந்து பார்த்திருக்கிறேன். இப்போது நானும் உறவு. ஆனால் சுமோவின் கவரை வாசலில் வைத்துப் பிடித்துப் பார்த்தபோது சாய்மானம் வரை வந்தது, அடிசீட்டுக்கு வரவில்லை. குடும்பம் ஒன்றாக இருப்பது சேசிஸில்தான். சீட்டில் அவரவர் சொத்து அவரவருக்கு.

வீட்டில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்த மனைவியிடம் இந்த வரலாற்றைச் சொன்னேன்.

"ஏங்க, நாப்பத்தெட்டு வயசுப் பொம்பளைக்கு ஒரு ஜாக்கெட் தாங்கன்னு கடையில கேட்டா கொடுப்பானா? அளவு ஜாக்கெட் கொண்டுபோகணும்ல?"

தையல்காரரிடம் ஜாக்கெட் தைக்கக் கொடுக்கும்போது, உடம்புக்குச் சரியாக இருக்கும் பழைய ஜாக்கெட் ஒன்றையும் பையில் போட்டுக் கொடுப்பார்கள். அதுதான் அளவு. எங்கள் வீட்டில் அளவு ஜாக்கெட் என்று ஒன்று பதினைந்து வருடமாகத் தனியாக இருக்கிறது. அதை அவள் உடுத்துவதில்லை. பாஸ்போர்ட் இருக்கும் பீரோவில் பாஸ்போர்ட்டுக்கு மேல் தட்டில் இருக்கிறது.

வண்டி விஷயத்தில் ஜாக்கெட்டைக் கொண்டுவந்து பேசுகிறாளே என்று எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தேன். அவள் பீன்ஸ் நறுக்கினாள்.

அடுத்து, எல்லா வண்டிக்கும் பொருந்தும் என்று உத்தரவாதம் கொடுத்த ஒரு கவரை இணையத்தில் வரவழைத்தேன். எல்லாவற்றுக்கும் பொருந்தும் என்று ஒருவன் சொன்னால், அதில் எலாஸ்டிக் நிறைய இருக்கிறது என்று அர்த்தம். பெட்டியைத் திறந்தால் ஏழு துண்டுகள், பதினாறு கொக்கிகள், நாலு மொழியில் விளக்கத் தாள். அந்த நான்கில் நமக்குத் தெரிந்தது படம் மட்டும். தலைசாய்ப்புக்கு இரண்டு ஓட்டை இருந்தது. எங்கள் சீட்டில் தலைசாய்ப்பே கிடையாது. கொக்கிகளைச் சீட்டுக்கு அடியில் ஒன்றோடொன்று மாட்ட வேண்டும். அதற்காக நான் வண்டிக்குள் தலைகீழாகக் கிடந்த கோலத்தைப் பார்த்துவிட்டு, தபால்காரர் கடிதத்தை வாசலில் வைத்துவிட்டுச் சத்தமில்லாமல் போனார். மாட்டி முடித்துக் கதவைச் சாத்தினேன். அந்த அதிர்ச்சியிலேயே டிரைவர் பக்கத்து எலாஸ்டிக் மொத்தமும் சுருண்டு, கவர் முதுகுப் பக்கம் போய்க் குவிந்துகொண்டது. முன்பு பள்ளம் மட்டும் இருந்த இடத்தில் இப்போது பள்ளமும் மேடும்.

இந்த இடத்தில் துணியா ரெக்ஸினா என்ற வழக்கையும் சொல்லிவிடுகிறேன், எங்கள் வீட்டில் அது ஒரு வாரம் நடந்தது. ரெக்ஸின் என்பது இங்கிலாந்தில் மான்செஸ்டருக்கு அருகே ஹைட் என்ற ஊரில் ஒரு கம்பெனி தயாரித்த செயற்கைத் தோலின் வணிகப் பெயர். கம்பெனி போனாலும் பெயரை நாம் விடவில்லை. இப்போது அந்தப் பெயரில் விற்பது பெரும்பாலும் துணியின் மேல் பி.வி.சி. பூசியது. பி.வி.சி. இயல்பில் விறைப்பானது. 1926இல் அமெரிக்காவில் வால்டோ சீமன் என்பவர், ரப்பரை உலோகத்தோடு ஒட்ட ஒரு பசை தேடப் போய், அதை வளையவைக்கும் வழியைக் கண்டுபிடித்தார். அவர் கலந்த மாதிரியான மிருதுவாக்கும் பொருள் வெயிலில் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகிவிடும். சீட்டு விறைத்து வெடிக்கும். திண்டுக்கல் மே மாத வெயிலில் கண்ணாடி ஏற்றி நிறுத்திய வண்டியில் அரைக்கை சட்டையோடு ஏறிச் சாய்ந்தவனுக்கு இந்த வேதியியலை விளக்கத் தேவையில்லை. துணிக் கவர் சுடாது, ஆனால் குடிக்கும். வியர்வை, டீ, வாழைக் கறை எதையும் விடாது. வாழைக் கறை துணியில் ஏறினால் அதோடு நமக்கு ஆயுள் பந்தம்.

எனக்குத் துணியில் ஒரு கண் இருந்தது. அந்தக் கால அரசாங்க அம்பாசிடர்களில் வெள்ளைத் துருக்கித் துண்டு போட்டிருப்பார்களே, அந்த வெள்ளையில் சாய்ந்து உட்கார்ந்தால் யாருக்கும் துணைக் கலெக்டர் முகம் வந்துவிடும். 1950களின் இறுதியிலிருந்து 2014 வரை தயாரான கார், எத்தனை துண்டு கண்டிருக்கும்! "கலெக்டர் ஆபீஸ்ல துவைக்க ஆள் இருக்கு. இங்க யார் இருக்கா?" என்றாள் மனைவி. வழக்கு ரெக்ஸின் பக்கம் தீர்ப்பானது.

சென்னையில் என் மச்சான் இருக்கிறார். மவுண்ட் ரோடிலிருந்து பிரியும் ஜெனரல் பேட்டர்ஸ் சாலை, அதாவது ஜி.பி. ரோடு, கார் சாமான்களுக்குப் பேர்போன தெரு. அங்கே கிடைக்காத கவர் உலகத்தில் தைக்கப்படவே இல்லை என்பது மச்சானின் கட்சி. "மாமா, அளவு எடுத்து அனுப்புங்க" என்றார். மனைவியின் தையல் நாடாவை எடுத்துக்கொண்டு இறங்கினேன். அந்த நாடாவில் முதல் மூன்று அங்குலம் பேரன் கையில் அறுந்துபோய்விட்டது. மீதி சரியாகத்தான் இருந்தது. முன்பக்கம், பின்பக்கம், சாய்மானம், அதன் கனம், கியர் லீவர் பக்கத்து வெட்டு என்று நோட்டில் படம் போட்டு எழுதினேன். நான் வரைந்த சீட்டைப் பார்த்துவிட்டு, "இது யாரோட பல்லு தாத்தா?" என்றான் பேரன்.

கடைக்காரர் அந்த நோட்டைத் தொடவே இல்லையாம். "அளவெல்லாம் எதுக்கு சார், மாடல் சொல்லுங்க போதும்" என்றாராம். கடைப் பையன் ஒருவன், சைடு ஏர்பேக் இருக்கிறதா என்று போனில் என்னையே கேட்டான். கேள்வி நியாயமானதுதான். இப்போதைய கார்கள் பலவற்றில் காற்றுப்பை சீட்டின் விலாவிலேயே மடித்து வைக்கப்பட்டிருக்கிறது. கவரை இறுக்கித் தைத்துவிட்டால் விபத்தின்போது பை வெளியே வர முடியாது. அதனால் அந்த இடத்தில் எளிதில் பிரியும் நூலால் தைத்த கவராகப் பார்த்து வாங்க வேண்டும். எங்கள் வண்டியில் விலாப் பக்கம் காற்று வருவது கதவு இடுக்கு வழியாக என்று சொன்னேன். பையன் அதைக் குறித்துக்கொண்டான் என்று நினைக்கிறேன்.

பார்சல் வந்தது. அட்டைப்பெட்டியில் கொட்டை எழுத்தில் 207. அந்த எண்ணைப் பார்த்ததும் எனக்கு நெஞ்சு நிறைந்தது. என் வண்டியைப் பேர் சொல்லிக் கூப்பிட ஊரில் ஒரு பெட்டியாவது இருக்கிறது! மாட்டினேன். டிரைவர் பக்கம் அகலம் போதவில்லை. நீள சீட்டில் அகலம் அரை அடி மிச்சம். சாய்மானத்தில் தோள்பட்டையே சேரவில்லை. போனைப் போட்டு மச்சானிடம் ஜி.பி. ரோட்டின் மானத்தை வாங்கினேன். அவர் என் நாடாவின் மானத்தை வாங்கினார்.

பேகம்பூர் பக்கம் ஒரு குஷன் கடை. பெயர்ப்பலகை கிடையாது, வாசலில் எப்போதும் ஒரு பேருந்து சீட்டு மல்லாந்து கிடக்கும், அதுதான் அடையாளம். கடைக்காரரை எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுகிறார்கள். பழனிக்கு நேர்ந்துகொண்ட மாதிரி மௌனமாக வந்த மனைவியையும், ஏமாந்த கவரையும் ஏற்றிக்கொண்டு போனேன். பாய் கவரைப் பிரித்து உள்புறத் தையலைப் பார்த்தார். வண்டிக்குள் ஏறிச் சீட்டைத் தட்டினார். கீழே குனிந்து இரும்புச் சட்டத்தைத் தடவினார்.

"கவர்ல தப்பே இல்ல சார். பக்கா 207. சீட்டுதான் 207 இல்ல."

டிரைவர் சீட்டு, பேருந்தில் இருந்து கழற்றியது. கரூரில் பாடி கட்டிய பேருந்தாக இருக்கும், சட்டத்து வெல்டிங்கைப் பார்த்தாலே தெரியும் என்றார். தமிழ்நாட்டுப் பேருந்துகளில் பாதிக்கு மேனி கொடுத்த ஊர் அது என்பது அவர் கணக்கு. நீள சீட்டின் சாய்மானம் ஏதோ ஜீப்பினுடையது. அடிப்பலகை எந்த வண்டியினுடையதும் இல்லை. ஒரு தச்சர் வேங்கை மரத்தில் இழைத்துக் கொடுத்தது. "நல்ல மரம் சார். கட்டில் செஞ்சிருக்கலாம்" என்றார். ஆக, கம்பெனி போட்டனுப்பிய சீட்டுக்கு உலகத்தில் கவர் இருந்தது. எங்கள் வண்டியில் கம்பெனி போட்டனுப்பிய சீட்டு இல்லை. சுமோ, சியரா என்று நான் வம்சப் பெருமை பேசிக்கொண்டிருந்தது ஒரு பேருந்தின் மேல் உட்கார்ந்துகொண்டு.

பிரிக்கத் தொடங்கினார். யூரியாச் சாக்குக்குக் கீழே பச்சை ரெக்ஸின். அதற்குக் கீழே மெரூன் வெல்வெட், தக்காளி வியாபாரிக்கும் ஒரு காலத்தில் ஆசை இருந்திருக்கிறது. வெல்வெட்டுக்குக் கீழே கறுப்பு ரெக்ஸின். அதற்கும் கீழே ரப்பர் பால் தெளித்து அழுத்திய தேங்காய் நார், தூளாகிப்போய். சீட்டு இடுக்கிலிருந்து ஒரு சீப்பு, தக்காளிப் பட்டியல் எழுதிய துண்டுச்சீட்டுகள், நான்கு 25 பைசா. 2011 ஜூன் மாதக் கடைசியோடு செல்லாமல் போன காசு. ஆகவே அதற்குமுன் யாரோ சிந்தியது. பாய் அதை எண்ணி என் கையில் கொடுத்தார், வரவில் வைத்துக்கொள்ளச் சொல்லி.

"பழைய கவரைத் தூக்கிப் போட்டுடலாமா பாய்?" என்று கேட்டேன்.

"ஐயோ சார், அதுதானே அளவு!"

கறுப்பு ரெக்ஸினைப் பத்திரமாக எடுத்தார். தையல் தையலாக பிளேடால் அறுத்தார். ஒவ்வொரு துண்டிலும் சாக்பீஸால் எண் போட்டார். எந்தத் துண்டு எதோடு சேருகிறது என்பதற்கு ஓரங்களில் சிறு கோடுகள். புது ரெக்ஸினைக் கவிழ்த்து விரித்து அதன்மேல் பழையதை வைத்து வரைந்து, தையலுக்கென்று ஓரம் விட்டு வெட்டினார். பழைய கவர் இழுபட்டுத் தளர்ந்திருக்கும் இடங்களில் மட்டும் கையால் சீட்டை அளந்து குறைத்தார். நான் என் மனைவியின் பக்கம் திரும்பவில்லை. அவள் என்னைப் பார்க்கவும் இல்லை; பார்க்காமல் இருப்பதில் அவளுக்கு நல்ல தேர்ச்சி.

ஃபோம் எடுக்கும்போது, "கல்லு மாதிரி வேணாம், நல்லா மெத்துனு போடுங்க" என்றேன். பாய் சிரித்தார். கடையில் 32 டென்சிட்டி, 40 டென்சிட்டி என்று சொல்வது ஒரு கனமீட்டர் ஃபோம் எத்தனை கிலோ என்ற கணக்கு. மெத்தென்று இருப்பதும் விறைப்பாக இருப்பதும் வேறு சங்கதி. அடர்த்தி குறைந்த ஃபோம் கடையில் உட்கார்ந்து பார்க்கச் சொர்க்கமாக இருக்கும், ஆறு மாதத்தில் அமுங்கி ஸ்பிரிங்கைக் காட்டிக்கொடுத்துவிடும். 40ஐயே போட்டார். சீட்டின் அளவைவிடச் சற்றுப் பெரிதாகவே வெட்டினார். கவருக்குள் நெருக்கி அடைத்தால்தான் சுருக்கம் விழாதாம். தைத்த கவரை முற்றத்து வெயிலில் காயப்போட்டு, அது இளகியதும் இரண்டு பேர் முழங்கால் கொடுத்து இழுத்து, அடியில் கம்பி வளையங்களைக் குறட்டால் கடித்து இறுக்கினார்கள். காப்பிக்கொட்டை நிறம். ஓரத்தில் மஞ்சள் பைப்பிங். மஞ்சள் யாருடைய ரசனையும் இல்லை, ஏதோ கல்யாண பஸ்ஸுக்கு வாங்கியதில் மிச்சமாம்.

ஒரு சுருக்கம் இல்லை. ஓர் இடத்தில் தளர்வு இல்லை. வண்டியின் மற்ற பாகங்களெல்லாம் அந்தச் சீட்டின் முன் கூச்சப்பட்டு நின்றன. ஆண்டுதோறும் எஃப்.சி.க்குப் போகுமுன் பெயிண்ட் அடிக்கும்போதுகூட எனக்கு இந்தப் பெருமை வந்ததில்லை. கதவைத் திறந்துவைத்தபடி தெருவில் அரைமணி நேரம் டயரில் காற்று பார்த்தேன். நாலு டயர்தானே என்று எதிர்வீட்டுக்காரர் கேட்டார்.

பேருந்துக்குப் போயிருந்த மாமனாரைச் சமாதானம் செய்து, முதல் பயணமாகச் சிறுமலைக்கு ஏற்றிக்கொண்டு போனேன். திண்டுக்கல்லிலிருந்து மேலே போகப் பதினெட்டு கொண்டை ஊசி வளைவுகள். மாமனார் ஒடிசலான மனிதர், பட்டு வேட்டி. புது ரெக்ஸினுக்கும் பட்டுக்கும் நடுவே பிடிமானம் என்று ஒன்று இல்லை. முதல் இடப்பக்க வளைவில், ஜன்னலோரம் இருந்தவர் இரண்டு ஆள் சீட்டைக் கடந்து நேராக கியர் லீவருக்கு வந்தார். வண்டி இரண்டாவது கியரிலிருந்து நியூட்ரலுக்குப் போனது. அடுத்த வளைவில் ஜன்னலுக்குத் திரும்பினார். பாதி மலை ஏறுவதற்குள் கியர் மாற்றுகிற வேலையை நாங்கள் இருவரும் பகிர்ந்துகொண்டிருந்தோம். 

"மாப்பிள்ளை, ஸ்பிரிங்காவது ஆளை ஒரே இடத்துல பிடிச்சு வச்சிருந்துச்சு" என்றார். பிறகு, எத்தனை செக்போஸ்ட்டிலும் பெல்ட் போட மறுத்த அந்த மனிதர் தானாகவே கேட்டார்: "பெல்ட்டு எங்க இருக்கு?"

பெல்ட் இருந்தது. அதைச் செருகும் பூட்டு மட்டும் இல்லை. புதுக் கவருக்குள் எங்கேயோ ஒரு புடைப்பாகத் தெரிந்தது. அதற்கு வழிவிட்டுத் தைக்க பாய் மறந்திருந்தார். பழைய கவரிலும் வழி இல்லை. தக்காளி வியாபாரி பெல்ட் போட்டதில்லை போலும்.

வீட்டுக்கு வந்து பிளேடை எடுத்தேன். சுருக்கமில்லாத அந்த ரெக்ஸினின் மேல் வைத்தேன், எடுத்தேன், மறுபடி வைத்தேன். மனைவி வாங்கிக்கொண்டாள். புடைப்பை இரண்டு விரலால் அளந்தாள், ஒரே இழுப்பில் கீறினாள். பிறகு ஊசியில் கெட்டி நூல் கோத்து, கீறல் மேலும் பிரியாதபடி சுற்றிலும் காஜா எடுத்தாள். பூட்டு வெளியே வந்து, வேண்டிய அளவுக்கு நின்றது.

பாக்கிப் பணம் கொடுக்கப் போனபோது பாய் அதைக் குனிந்து பார்த்தார். விரலால் தடவினார். 

"இந்தக் காஜா எந்தக் கடையில சார் எடுத்தீங்க? நமக்கு ஒரு ஆள் வேணும்."

மனைவி சம்பளம் எவ்வளவு என்று கேட்டாள்.